ராஜதானி நகரில் ஒரு வீடு இறங்குகிறது

விழுப்புரத்தில் ஒரு வீடு பூமிக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்ற செய்தி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு டீக்கடையில் கிடைத்தது. 2014, ஆடி மாதம். வீடு ஒரு கண்டக்டருடையது. மேல்மலையனூர் அமாவாசை ஸ்பெஷலில் சில்லறை இல்லாத ஒரு கிழவியை இந்தக் கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டாராம். இறங்கின கிழவி திரும்பி நின்று, "என்னெ எறக்கின இல்ல? உன் ஊட்டெ நான் எறக்கறேன் பாரு" என்றாளாம். கிழவி யார் என்று டீக்கடைக்காரர் சொல்லவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது போதும்.

முதல் டீக்கு வருஷத்துக்கு ஒரு படி இறங்குகிறது என்றார்கள். இரண்டாவது டீக்கு மாதத்துக்கு ஒரு படி. இன்னொரு டீ சொல்லியிருந்தால் மொட்டைமாடி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். வதந்திகளில் பெரும்பாலானவை நாம் போய்ச் சேர்வதற்குள் இடம் மாறிவிடும். இது வீடு, எங்கே ஓடப்போகிறது? கோலியனூர் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

வதந்தியில் பாதி உண்மை. ராஜதானி நகர் குறுக்குத் தெருவில் எல்லா வீடுகளும் மேலே நின்றன. ஒன்று மட்டும் கீழே நின்றது. அதன் ஜன்னல் அடிக்கட்டைக்குச் சமமாக சிமெண்டு ரோடு போயிற்று. கேட்டைத் திறந்து, சுவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். ஹாலில் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே அவருக்குத் தெரிந்தது என் கால்கள்தான்.

"ருக்கு, யாரோ புதுச் செருப்பு வந்துகீது பாரு" என்றார் உள்ளே பார்த்து.

அவர்தான் சீனுவாசன். அரசு பஸ் கண்டக்டர். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வழியாக மரக்காணம் போகிற வண்டி. ஓய்வுக்கு இரண்டு வருஷம் பாக்கி. தெருவில் போகிறவர்களைக் காலை வைத்தே அடையாளம் சொல்வார். தேய்ந்த ரப்பர் செருப்பு பால்காரர். சேறு ஒட்டிய ஷூ கேஸ் சிலிண்டர்காரர். பளிச்சென்ற வெள்ளைச் செருப்பு கவுன்சிலர். அது ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் தெரியும்.

கிழவியைப் பற்றிக் கேட்டேன். கோபம் வரவில்லை.

"சில்லறை இல்லன்னு எத்தினியோ பேரை எறக்கி வுட்டிருப்பேன். அத்தினி பேரும் அம்மன்னா, அந்நேரம் மலையனூர்ல கோயிலு காலியாத்தான் இருந்திருக்கும்."

உள்ளேயிருந்து மனைவி ருக்குவின் குரல் வந்தது: "வாயெ அடக்குங்க. அதனாலதான் ஊடு போவுது."

வீடு எங்கேயும் போகவில்லை. வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. தெருதான் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இதை டீக்கடையில் போய்ச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அம்மன் சாபம் என்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. தார் ரோடு என்றால் என்ன நியாயம் இருக்கிறது?

கதை 1993இல் தொடங்குகிறது. தென்னாற்காட்டைப் பிரித்து, விழுப்புரத்தைத் தலைமையிடமாக்கி, தனி மாவட்டம் வந்த வருஷம். கலெக்டர் வருகிறார், எஸ்.பி. வருகிறார், கோர்ட்டு வருகிறது. ஆகவே மனை விலை ஏறுகிறது. ஏரிக்குக் கீழே நெல் விளைந்துகொண்டிருந்த நஞ்சையில் சுண்ணாம்பு அடித்த கல்லை நட்டு, கலர்க் கொடி கட்டி, ராஜதானி நகரைப் பிறக்க வைத்தார்கள். வேனில் ஏற்றிக் கூட்டிப்போய்க் காட்டி, மதியம் சாம்பார் சாதம் போட்டு, கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்தார்கள். மனை மஞ்சள், தெரு சாம்பல், பூங்கா பச்சை. நீலம் மட்டும் எங்கேயும் இல்லை. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓட ஒரு வாய்க்கால் மனைகளுக்கு நடுவே அப்போதும் இருந்தது. வரைபடத்தில் அதன் பெயர் முப்பதடி ரோடு.

அது கோடைக்காலம். வாய்க்காலில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கோடையில் நிலம் பார்க்கிறவனுக்கு எல்லாம் மேடாகத்தான் தெரியும். ஒலக்கூர் பக்கம் தன் பங்குக்கு வந்த மல்லாட்டைக் கொல்லையை, அந்த வேர்க்கடலை நிலத்தை, விற்று சீனுவாசன் மனை வாங்கினார். திரும்பிப் போவதற்கு இனி ஊரில் ஒரு காணி நிலமும் கிடையாது. ஆக, அவருக்கு உலகத்தில் இருப்பது இந்த ஒரு வீடு. இனி நான் சொல்லப்போவதெல்லாம் அது நிற்குமா விழுமா என்பதைப் பற்றித்தான்.

பக்கத்து மனையில் அவருக்கு முன்பே ஒரு வீடு எழும்பியிருந்தது. பால்வாடி டீச்சர் இருதயமேரியின் வீடு. வாசல் இன்றுவரை ரோடு வராத அடுத்த தெருவில்; தரை இருந்த மட்டத்திலேயே கட்டியது. சீனுவாசனின் மேஸ்திரி அந்த வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், பக்கத்து ஊட்டைவிட ஒரு ஜாண் ஏத்திக்கலாமா?" என்று கேட்டார்.

"ஜாண் எதுக்கு, முழமா ஏத்து."

ராஜதானி நகரின் அரசியல் சட்டம் அன்றைக்கு எழுதப்பட்டது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் முன்னால் வந்தவரைவிட ஒரு முழம் உயர்த்தினார்கள். நிரப்புவதற்கு மண் எங்கிருந்து வந்தது? ஏரியிலிருந்துதான். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் தோண்டிக் கொண்டுவந்து, தண்ணீர் போக வேண்டிய இடத்தில் கொட்டினார்கள். ஏரியும் நம்முடையது, வாய்க்காலும் நம்முடையது. யாரிடம் கேட்க வேண்டும்?

முதல் ஐப்பசி மழைக்கு சீனுவாசன் வீட்டு வாசல் காய்ந்து கிடந்தது. இருதயமேரியின் கொல்லையில் முழங்கால் தண்ணீர். அவர் கண்டக்டரைவிட வயதில் மூத்தவர். வாயில் இன்னும் மூத்தவர்.

"கண்டக்டரே, உன் ஊட்டு மழெ எதுக்கு எங்கூட்ல வந்து பெய்யுது?"

"மழெ மேல கேஸு போடுங்கக்கா."

கேஸ் போடவில்லை. அடுத்த கோடையில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில் போட்டார். அதற்குப் பிறகு உறவு நன்றாகவே இருந்தது. கிறிஸ்துமஸ் கேக் அந்தப் பக்கத்திலிருந்து வரும், தீபாவளி முறுக்கு இந்தப் பக்கத்திலிருந்து போகும். இரண்டும் மதில் மேல்தான் கைமாறும். கண்டக்டரின் மகள் கலைப்பிரியா அந்த மதிலேறிக் குதித்துத்தான் பால்வாடிக்குப் போனாள்.

பிறகு ரோடு வந்தது. தானாக வரவில்லை. ரோடு வேண்டும் என்று தெருக்காரர்களைத் திரட்டி, மனு எழுதி, ட்யூட்டி முடிந்த யூனிஃபார்மோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர் சீனுவாசனேதான். முதல் ஜல்லி ரோட்டுக்கு காண்ட்ராக்டருக்கு மாலை போட்டார். அந்தப் போட்டோ இன்னும் ஹாலில் தொங்குகிறது. நான் முதலில் போனபோது அது தெருவில் போகிறவர்களின் கால் மட்டத்தில் இருந்தது. ஜல்லி மேல் தார், தார் மேல் இன்னொரு தார், அதற்கு மேல் சிமெண்டு. தேர்தலுக்கு ஒரு தோசை. பழைய தோசையைக் கல்லிலிருந்து எடுத்துவிட்டுத்தான் புதிய தோசை ஊற்றவேண்டும் என்று ஹோட்டலில் தெரிகிறது. ரோட்டில் தெரிவதில்லை.

சிமெண்டு ரோடு போட்டவர்களிடம் சீனுவாசன் கெஞ்சியிருக்கிறார். "கீழ இருக்கிறதெ கொத்தி எடுத்துட்டுப் போடுங்கய்யா."

"எஸ்டிமேட்டுல கொத்தறது இல்ல சார், போடறதுதான் இருக்குது."

அன்றிலிருந்து மனிதருக்கு மழைக் காய்ச்சல். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும்போதும் கண் ஜன்னலுக்கு வெளியே, எந்த ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றுதான் பார்க்கும். மரக்காணத்தில் மீன்கூடையோடு ஏறுகிற அம்மாக்கள்தான் அவருடைய வானிலை ஆராய்ச்சி நிலையம்.

"யம்மா, காத்து எப்படி இருக்குது? எங்கூட்டுக்காரங்க கடலுக்குப் போனாங்களா?" என்பார் வாய் குழறி.

"இன்னாய்யா இது, எங்கூட்டுக்காரரு உனுக்கு எப்போ உங்கூட்டுக்காரரு ஆனாரு? மொதல்ல டிக்கெட்டெ குடு."

திண்டிவனத்தில் வண்டி நின்றால் வீட்டுக்குப் போன். "ருக்கு, சாக்கடெ எம்மாந்தூரம் ஏறிகீது?"

"அப்பளம் காயுது இங்க. வைங்க போனெ."

அவருடைய பயம் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல முடியாது. மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும், மூன்று பக்கத்து வீட்டுத் தண்ணீர் ரோட்டில் சேர்ந்து, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, உத்தரவு கேட்காமல் உள்ளே வரும். கட்டிலுக்குக் கீழ் செங்கல் வைத்தார். ஃபிரிட்ஜுக்குக் கீழ் செங்கல் வைத்தார். பீரோவை மாடிப்படி வளைவில் ஏற்றினார். வீட்டிலிருந்த சாமான்களும் ராஜதானி நகர்ச் சட்டப்படி ஒன்றைவிட ஒன்று உயரத் தொடங்கின.

நான் அவரைப் பார்ப்பதற்கு முந்தின வருஷம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஊரின் எதிர்காலத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். மாஸ்டர் பிளான். மேடையில் பெரிய வரைபடம். குடியிருப்பு மஞ்சள், கடைத்தெரு சிவப்பு, தொழிற்சாலை ஊதா. சீனுவாசன் வெகுநேரம் தன் தெருவைத் தேடிக் கண்டுபிடித்தார். அது அழகான மஞ்சளாக இருந்தது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று மட்டும் தெரியவில்லை. வரைபடத்துக்கு ஊர் என்பது நிறம். தண்ணீருக்கு நிறம் தெரியாது, மேடு பள்ளம்தான் தெரியும். ஒரு தெருவின் மட்டம் இதுதான், இதற்கு மேல் ரோடும் ஏறக்கூடாது, வீடும் ஏறக்கூடாது என்று எங்கேயாவது எழுதி வைத்திருந்தால் பாதிக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அங்கே நகரமைப்பு படித்த ஒரு இளம்பெண் இருந்தார். அவர் தட்டிக் கழிக்கவில்லை; பொறுமையாகக் கேட்டுக்கொண்டு சரியான பதிலையே சொன்னார்.

"சார், நீங்க வீட்டை உயர்த்தினா தண்ணி காணாம போயிடாது. பக்கத்து வீட்டுக்குப் போகும். தெரு மொத்தமும் சேர்ந்து ரோட்டைச் சுரண்டி இறக்கச் சொல்லுங்க. வாய்க்காலைத் திறக்கச் சொல்லுங்க. அதுக்கு மனு குடுங்க."

"மேடம், ரோடு போடுன்னு மனு குடுத்தவன் நான். நானே ரோட்டெ எறக்குன்னு குடுத்தா, பைத்தியம்னு சொல்லமாட்டாங்களா? பக்கத்து ஊட்டு கவலெய பக்கத்து ஊட்டுக்காரங்க படட்டும். எனுக்கு வண்டிக்கு நேரமாவுது."

போய்விட்டார். நல்ல யோசனைக்கும் பஸ்ஸுக்கும் நேரம் ஒத்துப்போவதில்லை.

பிறகு சுதாகர் வந்தார். கோலியனூர்க்காரர். வடநாட்டிலிருந்து ஒரு குழுவை அழைத்து வந்து, வீட்டை இடிக்காமல் அப்படியே ஜாக்கி வைத்துத் தூக்கித் தருகிற ஏஜெண்டு. லாரிக்கு டயர் மாற்ற வைக்கிற அதே ஜாக்கி. வீட்டுக்கு அடியில் வரிசையாக நூற்றுக்கணக்கில். சுவரை அடியில் அறுத்து, இரும்புச் சட்டம் சொருகி, எல்லா ஜாக்கியையும் ஒரே நேரத்தில் திருகினால் வீடு எழும். எழுந்ததும் அடியில் செங்கல் கட்டி ஜாக்கியை உருவிக்கொள்வார்கள். சுதாகருக்கு ஒரு வாக்கியம்தான் தெரியும்: "ஒண்ணும் ஆவாது சார்." அதைக் கேட்கக் கேட்க சீனுவாசனுக்குப் பயம் அதிகமாயிற்று.

2015 சித்திரையில் தூக்குவதாகத் தேதி வைத்தார்கள். மழைக்கு ஆறு மாதம் இருக்கிறது, நல்ல திட்டம். அந்தச் சமயம் பார்த்து திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட கலைப்பிரியா மாசமாக இருக்கும் செய்தி வந்தது. ருக்கு ஸ்வீட் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, சுதாகருக்கும் ஒன்று கொடுத்து, "வேலெய நிறுத்துங்க" என்றார்.

வீட்டில் பெண் மாசமாக இருக்கும்போது நிலைவாசலில் உளி படக்கூடாது. இது ருக்கு கண்டுபிடித்ததல்ல. இந்த ஜில்லா முழுக்க மேஸ்திரிகளே கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடுவார்கள். ஆனால் சீனுவாசன் வாதாடினார்.

"அவ வேற ஊட்டுப் பொண்ணு ஆயிட்டா ருக்கு. சட்டப்படி பாத்தா அவ மாமியாரு ஊட்லதான் ஒண்ணும் செய்யக்கூடாது."

"தலெப்பிரசவம் எங்க?"

"இங்கதான்."

"அப்போ எந்த ஊட்டு நெலெ?"

கண்டக்டர் தோற்றார். சுதாகரிடம் கேட்டால் "ஒண்ணும் ஆவாது" என்பார். அதை நம்பி மகள் வயிற்றைப் பணயம் வைக்க எந்த அப்பனுக்குத் தைரியம் வரும்? சித்திரை போயிற்று. காய்ந்த வைகாசி, காய்ந்த ஆனி, காய்ந்த ஆடி எல்லாம் வீட்டைத் தூக்க வாகாக வந்து, யாரும் கூப்பிடாமல் திரும்பிப் போயின. ஆவணிக் கடைசியில் பேரன் பிறந்தான். தீட்டு கழிவதற்குள் புரட்டாசி வந்துவிட்டது. புரட்டாசியில் வீட்டு வேலை ஆரம்பிக்கலாமா? கூடாது. ஆக, மழை தொடங்குகிற ஐப்பசிதான் மிச்சம். நாள், நட்சத்திரம், தீட்டு, மாதம் எல்லாவற்றையும் பார்த்த குடும்பம் வானத்தைப் பார்க்க மறந்தது என்று சொல்லமுடியாது. பார்த்தது. சீனுவாசன் வேறெதையும் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த சித்திரைவரை தள்ளிப் போட்டால், இந்த மழைக்குப் பச்சைக் குழந்தை கட்டிலடிச் செங்கல் மேல் கிடக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்.

ஆயுத பூஜையன்று ஜாக்கிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரி படைத்தார்கள். மறுவாரம் வேலை தொடங்கியது. ருக்குவும் மகளும் குழந்தையும் எங்கே போவது? இருதயமேரி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டார்.

"பச்செப் புள்ளெய ஜாக்கி மேல படுக்க வெப்பியா ருக்கு? தூளியெ எடுத்துக்கினு இங்க வா."

வீடு எழுந்த நாள் தெருவே கூடிவிட்டது. சுதாகர் சொன்னபடி ருக்கு ஹால் நடுவில் ஒரு டம்ளரில் வழிய வழியத் தண்ணீர் வைத்தார். ஒரு குரல் கொடுக்க, எல்லா ஜாக்கியும் கால் திருப்பு. மறுபடி குரல், மறுபடி கால் திருப்பு. வீடு முனகியது. ருக்கு டம்ளரையே பார்த்தார். சீனுவாசன் ருக்குவின் முகத்தையே பார்த்தார். தண்ணீர் சிந்தவில்லை. சாயங்காலத்துக்குள் ஜன்னலில் கால்கள் மறைந்து முழங்கால்கள் தெரிந்தன. மூன்றாம் நாள் தெருக்காரர்களின் முகங்களை வீட்டுக்குள்ளிருந்தபடியே பார்த்தார். சிலருக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

அடியில் செங்கல் கட்டுவதற்குள் தீபாவளி வந்தது. தீபாவளிக்கு முந்தின நாள் மழை வந்தது.

அது வந்த விதத்தை வட மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லவேண்டாம். வீடு முழுக்க ஜாக்கி மேல் நிற்கிறது. வீட்டுக்காரர் எங்கே? தீபாவளிக் கூட்டம், லீவு கிடையாது. ஸ்பெஷல் வண்டியில், திண்டிவனத்தில். உட்கார இடம் இல்லாத கூட்டம், எல்லோர் கையிலும் பட்டாசுப் பை, ஜன்னல் ஷட்டரெல்லாம் இறக்கி வண்டிக்குள் பகலிலேயே இருட்டு. போன் அடித்தது. சுதாகர்.

"சார், ஊட்டுக்கடியில தண்ணி நிக்குது. மேரியம்மா மதிலு அணெ மாதிரி தடுத்துக்கினு இருக்குது. மண்ணு எளகுது சார். வடகெழக்கு மூலெ ஜாக்கி ரெண்டு எறங்கிடுச்சி."

"ஒண்ணும் ஆவாதுன்னியே!"

மறுமுனையில் சுதாகருக்கு அந்த ஒரு வாக்கியமும் மறந்துபோயிருந்தது.

நிலைமை இதுதான். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே தண்ணீர் தேங்கி ஏறுகிறது. இருதயமேரியின் கொல்லைக்குப் பின்னால், மனைகளுக்கு வெளியே, அந்தப் பழைய வாய்க்காலின் வால் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. மதிலை உடைத்தால் தண்ணீர் அவர் கொல்லை வழியாகப் பாய்ந்து வாய்க்காலைப் பிடிக்கும், ஜாக்கி பிழைக்கும். ஆனால் போகிற வழியில் அது இருதயமேரியின் சமையல்கட்டையும் பார்த்துவிட்டுத்தான் போகும். அந்த வீட்டில்தான் பேரன் தூங்குகிறான்.

போனை இருதயமேரி வாங்கிக்கொண்டார்.

"கண்டக்டரே, கேக்குதா? செவுரெ இடிக்கச் சொல்றேன்."

"அக்கா... உங்க ஊடு..."

"எங்கூடு நனையும். உங்கூடு வுழும். எது பெரிசுன்னு உனுக்குக் கணக்கு தெரியாதா? கேட்டுக்கோ, திருப்பிக் கட்டித் தரணும். இதே மாதிரி, இதே ஒசரம்."

மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவேண்டுமே என்று சீனுவாசன் தொண்டை கிழியக் கத்தினார்: "கட்டித் தர்றேன்க்கா! சத்தியமா கட்டித் தர்றேன்! இடிங்க! ஜல்தியா இடிங்க!"

பஸ் திரும்பிப் பார்த்தது. பட்டாசுப் பையை மடியில் வைத்திருந்த ஒருவர், "எதெ சார் இடிக்கச் சொல்றீங்க? நாங்க எறங்கிக்கட்டுமா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

விக்கிரவாண்டிவரை வண்டி ஊர்ந்தது. அந்த நேரம் முழுக்க சீனுவாசன் டிக்கெட் கொடுத்தார், சில்லறை கொடுத்தார், விசில் ஊதினார். ஆனால் அவர் கண்ணுக்குள் வீடு விதவிதமாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு தடவை கிழக்கே சாய்ந்தது. ஒரு தடவை மதில் மேல் படுத்தது. ஒரு தடவை நேராக இருதயமேரியின் கூரை மேல், தூளி கட்டியிருந்த அறை மேலேயே விழுந்தது. இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டார் என்று ஒரு அம்மாள் திட்டியதுகூட அவருக்குக் கேட்கவில்லை. பிற்பாடு என்னிடம் சொன்னார்: "அந்த வண்டியில யாராவது சில்லறெ இல்லன்னு சொல்லியிருந்தா, கால்ல வுழுந்திருப்பேன்."

மதியத்துக்கு மேல், வழியில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து தெருவுக்குள் வந்தபோது வீடு நின்றது. மதில் இல்லை. கடப்பாரையும் கையுமாக வடநாட்டுப் பிள்ளைகள் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ருக்கு அவர்களுக்கு இருதயமேரியின் அடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தார், கணுக்கால் தண்ணீரில் நின்றபடி. தூளி உத்தரத்தில் தொங்கியதால் பேரனுக்கு வெள்ளம் வந்ததே தெரியாது. கறிவேப்பிலைச் செடி, மூன்று வாழைக்கன்று, பால்வாடிக் காலத்து மர பீரோவின் அடித்தட்டு, இவைதான் இருதயமேரிக்குப் போனவை. அவர் நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சீனுவாசனை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா கண்டக்டரே, இப்பவும் உன் ஊட்டு மழெ எங்கூட்லதான் பெய்யுது."

சீனுவாசன் ஈரச் சட்டையோடு வாசலிலேயே உட்கார்ந்து, தண்ணீர் வடிகிறவரை அழுதார் என்று ருக்கு சொல்கிறார். மழைத் தண்ணி என்று அவர் சொல்கிறார்.

வீடு பிழைத்தது. வடகிழக்கு மூலை மட்டும் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. ஹாலில் எலுமிச்சம்பழம் வைத்தால் நிதானமாக வடகிழக்குப் பக்கம் உருண்டு போகும். ஈசானிய மூலை தாழ்வாக இருப்பது வாஸ்துப்படி விசேஷம் என்று சுதாகர் விளக்கினார். தூக்கிய வீடு பழைய வீடா, புது வீடா, மறுபடி பால் காய்ச்ச வேண்டுமா என்று தெருவில் இரண்டு கட்சி. டீக்கடையில் விசாரித்தேன்: கண்டக்டர் மலையனூருக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டதால் அம்மன் மனமிரங்கி வீட்டை மேலே விட்டுவிட்டாளாம்.

மறு வருஷம் சீனுவாசன் ஓய்வு பெற்றார். சொன்ன வாக்கைக் காப்பாற்ற மதிலுக்குச் செங்கலும் இறக்கினார். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "பழைய மாதிரியே கட்டினா அடுத்த மழெக்கு உங்க அஸ்திவாரத்துல தண்ணி நிக்கும் சார். அடியில ரெண்டு ஓட்டெ வுட்டுக் கட்டலாம்" என்றார். இருதயமேரி ஒப்பவில்லை. "ஓட்டெ வெச்ச செவுரு எனுக்கெதுக்கு? இதே மாதிரி, இதே ஒசரம்னு சொன்னேன், சரின்னு சொன்ன." அவர் கேட்பது நியாயம். மேஸ்திரி சொல்வதும் சரி. சீனுவாசன் நடுவில், எங்கே நின்றாலும் ஒரு கால் நனைகிற மாதிரி நின்றார். அதற்குள் எதிர் மனையில் ஒருவர் வீடு கட்ட வந்து, கண்டக்டரின் வீட்டைப் பார்த்துவிட்டு அதைவிட ஒரு முழம் ஏற்றினார். அடுத்த மழைக்கு அந்தத் தண்ணீர் கேட்டுக்கே வந்துவிட்டது. சீனுவாசன் அவசரத்துக்கு மதிலுக்கு வாங்கிய செங்கலை எடுத்து வாசலில் தடுப்பு கட்டிவிட்டார்.

2017 தையில் நான் போனபோது அவர் மதில் இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கையில் குச்சியோடு உட்கார்ந்திருந்தார். தெருவில் திரியும் ஆடுகளுக்கு அந்த இடைவெளி பழகிவிட்டது. இருதயமேரியின் கொல்லைக்கு அதுதான் ராஜபாட்டை. அதனால் தினமும் சாயங்காலம் கண்டக்டர் காவல். அசல் நிற்கிறது, வட்டி மட்டும் இப்படிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஆடு மேய்க்கவா உனுக்குப் பென்ஷன் குடுக்கறாங்க?" என்றார் இருதயமேரி, கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றியபடி. "செவுரெ கட்டு."

"தை முடியட்டுங்கக்கா. பங்குனிக்குள்ள ஏத்திடலாம்."

"போன தையிலயும் பங்குனின்னுதான் சொன்ன."

"இந்தப் பங்குனி வேறக்கா" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்து ஓடினார். இரண்டு ஆடுகள் அவர் பேச்சில் இருந்த நேரம் பார்த்துப் பாத்திக்குள் நுழைந்துவிட்டன.